ஈறு

பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள்
தூத்தூர்க் கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் சேதி போனது.
ஆண்பிள்ளை. மூன்று கிலோ இருநூறு.
பெயர் என்ன வைக்க?

சேதி நேராகப் போய்ச் சேராது.
கரையில் ரெஜின் சொல்வான்,
தாண்டி நிற்கும் ஷாஜியின் படகு கேட்கும்,
அது இன்னொரு படகுக்கு,
அந்தப் படகு, பேர் தெரியாத ஏதோ கொல்லத்துப் படகுக்கு.
ஐந்தாவது வாய் பேசுவதுதான்
சுறாவுக்குத் தூண்டில் இட்டுக் காத்திருக்கும்
என் வீட்டுக்காரர் காதில் விழும்.

பதிலும் அதே வழியில் திரும்பியது.
மறுநாள் உச்சிவெயிலில் ரெஜின் வந்து
பைக்கை விட்டு இறங்காமலே தலையைச் சொறிந்தான்.
"ஒரே இரைச்சலாக்கும் அக்கா.
கடைசி எழுத்து மட்டும் கேட்டுது.
ல்."

ல்.
நுனிநாக்கு மேல் ஈறைத் தொட்டு
விலக மறந்து நின்ற சத்தம்.
நாற்பது நாள் கடலுக்குப் போன மனிதர்
மகனுக்கு அனுப்பியது அவ்வளவுதான்.

நாத்தனார் புஷ்பலில்லிக்கு அது போதவில்லை.
ஆண்பிள்ளை என்றால் ன்-னில் முடியணும் என்றாள்.
முடியட்டும். ஆனால் எங்கள் தெருவில்
ஜெபின், அபின், லிபின், சுபின்.
"பின்" என்று ஒரு குரல் விட்டால்
பதினொரு தலை வெளியே வரும்,
எந்தத் தலைக்குச் சோறு என்று
கூப்பிட்டவளுக்கே தெரியாது.

இலக்கணத்தில் சொல்லின் கடைசிக்கு
ஈறு என்று பேர்.
ஈற்றைக் கையில் வைத்துக்கொண்டு
முழுச் சொல்லையும் தேடினேன், பால் கொடுக்கும் ராத்திரிகளில்.
மிக்கேல்: வட்டிக்குக் கொடுப்பவர்,
வாசலில் நின்று இருமுவார்.
டானியேல்: சிங்கக் குகை. வேண்டாம்,
இவனைச் சுறாவிடமே அனுப்புவதாக இல்லை.
நிகில்: பத்தாம் வகுப்பில் எனக்குப் பின் பெஞ்சு.
அது வேறு கதை.
ரபேல்: வழித்துணைக்கு வந்த தூதர், மீனைப் பிடி என்றவர்;
கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் தோன்றியது,
ரெஜின் வாயில் ல்-லும் ள்-ளும் ஒன்று.
"இனியும் பத்து நாள்" என்று சொல்லியிருந்தால்?
"படகில் ஓர் ஆள்" என்று தொடங்கி
மிச்சம் அறுந்திருந்தால்?
அன்றிலிருந்து விளக்கை அணைக்கவில்லை.
பிள்ளைக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை,
அழுதான். அழட்டும் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில்
ஃபாதர் பேனாவைத் திறந்து நிமிர்ந்து பார்த்தார்.
"ஜோயல்" என்றேன்.
யோசித்து வைத்தது இல்லை.
வாயில் வந்தது, கடைசியில் ல் இருந்தது.

நாற்பத்தேழாம் நாள் அவர்
குழித்துறை ஸ்டேஷனில் இறங்கி வந்தார்,
உதடு வெடித்து, ஒரு கண் சிவந்து, முழுசாக.
பிள்ளையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு
"பேரு?" என்றார்.

"நீங்க சொன்னதுதான். ல்."

"நான் எங்க சொன்னேன்?
பேரை நீயே சொல்லு-ன்னுல்லா சொல்லி விட்டேன்."

அந்த உகரத்தை
எந்தப் படகு தின்றதோ.

சாயங்காலம் தூண்டில்வளைவுக் கல்லில் ஏறி நின்று
கடலுக்கு முதுகு காட்டி
புதுப் பெயரைக் கூவிப் பார்த்தார்.
வாசலில் எனக்குக் கேட்டது
"ஜோய" மட்டும்.
இருநூறு அடிகூட இருக்காது.
"ஏ, கேக்குதா?" என்றார்.
கேட்குது என்று கையை ஆட்டினேன்.

மடியில் இவன்
பல் இல்லாத ஈற்றில் நாக்கை ஒட்டி
எதையோ தொடங்கினான்.
ஏப்பம்.